மாற்றுத்திறன் மாணவர்களும் கல்லூரி ஆசிரியர்களின் பொறுப்பும்

(நமது ஜமாஅத்தின் கல்விக் குழு நடத்திய ஆண்டுக் கல்வி விழாவில், சுற்றுவட்டாரக் கல்லூரிகளின் ஆசிரியர்கள் முன்னிலையில், பள்ளிவாசல் தலைமை இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





ஆண்டுதோறும் இந்த மேடையில் அதிக மதிப்பெண் பெற்ற பிள்ளைகளை அழைத்துப் பரிசளித்து மகிழ்கிறோம். இந்த ஆண்டு கல்விக் குழுவினர், மேடைக்கு வராமலே போன பிள்ளைகளைப் பற்றிப் பேசுமாறு நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். பார்வையிலோ, செவியிலோ, கை கால்களிலோ, வெளியில் தெரியாத வேறொன்றிலோ குறைபாடு இருந்தும், முயன்று படித்துக் கல்லூரிவரை சென்று, பாதியில் திரும்பி வந்துவிட்ட பிள்ளைகள் அவர்கள். மதரஸாவில் ஓதிய நமக்குக் கல்லூரி வகுப்பறை பழக்கமானதன்று. பேராசிரியர்களுக்குப் பாடம் சொல்லும் தகுதியும் நமக்கில்லை. ஆயினும் இந்த விஷயத்தில் நம்மீது ஒரு கடன் இருக்கிறது. அதை ஒப்புக்கொண்ட பிறகே மற்றவற்றைப் பேச விரும்புகிறோம்.

நாம் தவறவிட்ட ஒரு மாணவர்

சில ஆண்டுகளுக்கு முன், நமது மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் மக்ரிப் தொழுகைக்குப் பின் நமது அறைக்கு வந்தார். அவருடைய ஒப்புதலைப் பெற்றே இதைச் சொல்கிறோம். விழித்திரை நோயினால் அவருடைய பார்வை ஆண்டுக்கு ஆண்டு மங்கிக்கொண்டிருந்தது. அப்படியும் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்று, வரலாற்றுப் பிரிவில் சேர்ந்திருந்தார். கரும்பலகையில் எழுதியது அவருக்குத் தெரியவில்லை. ஆசிரியர் கைப்பட எழுதிப் படம் பிடித்து வாட்சப்பில் அனுப்பிய குறிப்புகளை, அவருடைய கைபேசியில் இருந்த திரைவாசிப்பானால் படித்துக் காட்ட இயலவில்லை. உள்மதிப்பீட்டுத் தேர்வில் சற்றுக் கூடுதல் நேரம் கேட்டார். 'உனக்கு மட்டும் தனிச் சட்டமா?' என்று, வகுப்பு முழுவதும் கேட்கும்படி அவரிடம் கேட்கப்பட்டது.

'இனி நான் கல்லூரிக்குப் போகவில்லை, ஹஜ்ரத்' என்றார். நாம் அவருக்குப் பொறுமையைப் பற்றி உபதேசித்தோம். அதன் சிறப்பைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றை எல்லாம் எடுத்துச் சொன்னோம். அவரும் தலையசைத்துக் கேட்டுவிட்டுச் சென்றார். மறுநாள் முதல் கல்லூரிக்குப் போகவில்லை.

அன்று நாம் செய்திருக்க வேண்டியது வேறு. மறுநாள் காலையில் அவரோடு பேருந்தில் ஏறி அந்தக் கல்லூரிக்குச் சென்று, துறைத் தலைவரைப் பார்த்துப் பேசியிருக்க வேண்டும். அவர் கேட்டது சட்டம் ஏற்கனவே வழங்கியிருந்த உரிமை என்பது அந்த ஆசிரியருக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. அறியாதவர் இருவருக்கு நடுவே ஒரு பிள்ளையின் படிப்பு நின்றுபோயிற்று. அந்த வருத்தத்தில்தான் பின்னர் இதைப் பற்றிப் படிக்கவும், தெரிந்தவர்களிடம் கேட்டறியவும் தொடங்கினோம். அவ்வாறு அறிந்துகொண்டதையே இங்கே உங்கள் முன் வைக்கிறோம்.

சட்டம் சொல்வது என்ன?

நம் நாட்டில் 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே கணக்கில் கொண்டிருந்தது. அதற்குப் பதிலாக வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் நிறைவேற்றப்பட்டு, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. இதில் 21 வகைகள் உள்ளன. பார்வையின்மை, செவித்திறன் குறைபாடு, இயக்கக் குறைபாடு ஆகியவற்றோடு நின்றுவிடாமல், எழுத்தும் கணக்கும் கைவராமல் தடுமாறச் செய்யும் கற்றல் குறைபாடு, ஆட்டிசம், மனநோய், தலசீமியா, ஹீமோபிலியா போன்ற இரத்த நோய்கள், தசைச் சிதைவு ஆகியனவும் அதில் சேர்ந்துள்ளன. இவற்றுள் பல, மாணவரைப் பார்த்த மாத்திரத்தில் தெரிபவை அல்ல. இதைப் பேராசிரியர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

அரசு உயர்கல்வி நிறுவனங்களும் அரசு உதவி பெறும் நிறுவனங்களும் 5 விழுக்காட்டு இடங்களுக்குக் குறையாமல் இவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்றும், சேர்க்கைக்கான வயது வரம்பில் 5 ஆண்டுகள் தளர்த்த வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. இந்த ஒதுக்கீடு 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உள்ளவர்களுக்கானது. இடம் கொடுப்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. மாணவருடைய தேவைக்கு ஏற்ப 'நியாயமான தகவமைப்பு' செய்து தர வேண்டும் என்பதும் சட்டத்தில் உண்டு. பாடமுறையிலும் தேர்விலும் தேவையான, பொருத்தமான மாற்றங்களைச் செய்வது என்பது இதன் பொருள். நிறுவனத்தின் மீது அளவுக்கு மீறிய சுமை ஏற்றப்படக் கூடாது என்ற எல்லையும் அதற்கு உண்டு. தேர்வில் கூடுதல் நேரமும், எழுத்துதவியாளர் வசதியும், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கும் சட்டத்திலேயே பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளன.

2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பையும் இங்கே குறிப்பிட வேண்டும். எழுதத் தொடங்கினால் கை விறைத்துக்கொள்ளும் குறைபாடுடைய விகாஷ் குமார் என்பவருக்கு, 40 விழுக்காட்டு வரம்பைக் காரணம் காட்டி, இந்தியக் குடிமைப் பணித் தேர்வில் எழுத்துதவியாளர் மறுக்கப்பட்டார். அவருக்கு அந்த வசதி உண்டு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விழுக்காடு இட ஒதுக்கீட்டுக்கான அளவுகோல். எழுத முடியாதவருக்கு எழுத்துதவியாளர் கொடுப்பதற்கு அது தடையாகாது. ஆகவே, 'உன் சான்றிதழில் எத்தனை விழுக்காடு?' என்று கேட்டு ஒரு மாணவரைத் திருப்பி அனுப்பிவிட எந்த ஆசிரியருக்கும் இயலாது.

கூடுதல் நேரம் எதற்காக?

'மூன்று மணி நேரத் தேர்வுக்கு இவருக்கு மட்டும் நான்கு மணி நேரமா? மற்ற மாணவர்களுக்கு இது அநீதி இல்லையா?' என்று நல்ல ஆசிரியர்கள்கூடக் கேட்கிறார்கள். நேர்மையான கேள்விதான். நமது அனுபவத்திலிருந்து ஒன்றைச் சொல்கிறோம்.

நாம் ஓதிக்கொண்டிருந்த காலத்தில், விடுமுறைக்கு ஊருக்கு வந்தால், வளைகுடாவில் இருக்கும் மகனுக்குக் கடிதம் எழுதித் தரும்படி வயதான தாய்மார்கள் வருவார்கள். அவர் ஒரு வரி சொல்வார், நாம் எழுதுவோம். 'இதுவரை எழுதியதை வாசி' என்பார், வாசிப்போம். 'அது வேண்டாம், அவன் கவலைப்படுவான், மாற்றி எழுது' என்பார். நாமாக எழுதினால் பத்து நிமிடத்தில் முடியும் கடிதத்துக்கு அரைமணி நேரம் ஆகும். சொல்ல வேண்டிய செய்தி அந்தத் தாய்க்குத் தெரியாமலில்லை. உள்ளத்தில் இருப்பது பிறர் கை வழியாகத் தாளுக்கு வந்துசேரும் பாதை நீளமானது, அவ்வளவுதான்.

தேர்வறையிலும் இதுவே நடக்கிறது. வினாவை ஒருவர் வாசிக்கக் கேட்டு, நினைவில் நிறுத்தி, விடையைச் சொல்லி, பெயர்ச் சொற்களுக்கு எழுத்துக்கூட்டி, எழுதியதைத் திரும்ப வாசிக்கச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். அதனால்தான் மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறை, தேர்வின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதலாகத் தர வேண்டும் என்றது. மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் என்பது அந்தக் கணக்கு. வினாத்தாள் அதேதான், மதிப்பெண் போடும் முறையும் அதேதான். ஆகவே தரம் குறைகிறது என்று சொல்ல இடமில்லை. விடை தவறென்றால் மதிப்பெண் தர வேண்டாம். இரக்கப்பட்டுப் போடும் மதிப்பெண்ணும் அந்த மாணவருக்கு ஓர் அவமதிப்பே.

இங்கே ஒரு வேண்டுகோள். பல்கலைக்கழகத்தின் பருவத் தேர்வில் இந்த வசதி கிடைத்துவிடுகிறது. வகுப்பாசிரியரே நடத்தும் உள்மதிப்பீட்டுத் தேர்வில்தான் பெரும்பாலும் மறக்கப்படுகிறது. இரண்டு மணி நேரத் தேர்வென்றால் அதற்கும் 40 நிமிடம் சேர்த்துத் தாருங்கள். அடுத்த பாடவேளை குறுக்கே வந்தால் முன்கூட்டியே தொடங்கச் செய்யலாம். எழுத்துதவியாளர் பற்றிய விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், ஆண்டின் தொடக்கத்திலேயே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் கேட்டு வைத்துக்கொள்வதும் நல்லது. தேர்வு நாள் காலையில் எழுத்துதவியாளரைத் தேடி அலைந்த பிள்ளை எப்படி அமைதியாகத் தேர்வெழுத முடியும்?

கேட்டறியாமல் செய்யும் உதவி

உதவ வேண்டும் என்ற நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு ஹெலன் கெல்லரின் வாழ்வில் ஒரு சான்று உண்டு. பார்வையும் செவியும் இல்லாத அந்த அம்மையார் 1899-இல் அமெரிக்காவின் ராட்கிளிஃப் கல்லூரி நுழைவுத் தேர்வை எழுதினார். அவருக்காக வினாத்தாள் பிரெயில் புள்ளியெழுத்தில் தயாரிக்கப்பட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால், அவர் இயற்கணிதம் கற்றது ஆங்கிலேய பிரெயில் குறியீடுகளில். வினாத்தாள் வந்ததோ அமெரிக்க பிரெயில் குறியீடுகளில். இரண்டிலும் கணிதக் குறிகள் வேறுவேறு. தேர்வுக்கு இரண்டு நாட்களுக்கு முன்புதான், மாதிரித்தாள் கைக்கு வந்தபோது, இது அவருக்குத் தெரிந்தது. தேர்வுக்கு முந்தைய இரவிலும் அடைப்புக்குறிகளையும் மூலக்குறியையும் பிரித்தறிய அவர் போராடிக்கொண்டிருந்தார். தேர்வில் வென்று, 1904-இல் பட்டமும் பெற்றார். எனினும், 'நீ எந்த முறையில் படித்தாய்?' என்ற ஒரு கேள்வி முன்னதாகக் கேட்கப்பட்டிருந்தால் அந்தத் துன்பம் அவருக்கு நேர்ந்திராது.

நமது உரையின் சாரமும் இதுவே. மாணவரைக் கேளுங்கள், தொடக்கத்திலேயே கேளுங்கள், தனியாகக் கேளுங்கள். ஆண்டின் முதல் வகுப்பில் எல்லா மாணவர்களுக்கும் பொதுவாக, 'பார்ப்பதிலோ, கேட்பதிலோ, எழுதுவதிலோ, உடல்நலத்திலோ யாருக்கேனும் தனி ஏற்பாடு தேவைப்பட்டால், இன்ன நேரத்தில் என் அறையில் வந்து என்னைச் சந்திக்கலாம்' என்று அறிவித்துவிடுங்கள். யாரையும் சுட்டாத அறிவிப்பு அது. கூச்சப்பட்டு மறைத்து வைத்திருக்கும் பிள்ளைக்கும் அது வழி திறக்கும். வந்த பிறகு, நோயின் கதையை விசாரிக்க வேண்டியதில்லை. பள்ளியில் எப்படிப் படித்தாய், எது கைகொடுத்தது, என் வகுப்பில் எது தடையாக இருக்கிறது, இதை வேறு யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக் கூடாது என்று கேட்டால் போதும். ஒரே குறைபாடுள்ள இருவருக்கு ஒரே தேவை இருப்பதில்லை. பார்வையற்றவர்களில் பிரெயிலில் படிப்பவரும் உண்டு. செவியால் மட்டுமே படிப்பவரும் உண்டு.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

பார்வைக் குறைபாடுள்ள மாணவர் இருக்கும் வகுப்பில், பலகையில் எழுதுவதை வாயாலும் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். 'இதையும் அதையும் கூட்டினால் இது வரும்' என்று சுட்டிக்காட்டிச் சொன்னால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. குறிப்புகளைப் படமாக அனுப்பாமல், தட்டச்சு செய்த எழுத்தாக அனுப்புங்கள். தமிழில் தட்டச்சு செய்வோர் யூனிகோடு முறையைக் கையாள வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த பாடம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், கணினிக்குள் ஆங்கில எழுத்துகளாகவே பதிந்திருக்கும். திரைவாசிப்பான் அதைப் பொருளற்ற ஒலிகளாகவே வாசிக்கும். என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பு மென்பொருள் விலையின்றியே கிடைக்கிறது. உங்கள் குறிப்பை அதில் ஒருமுறை ஓடவிட்டுக் கேட்டால், மாணவர் படும் பாடு உங்களுக்கே விளங்கும்.

செவித்திறன் குறைந்த மாணவர் ஆசிரியரின் உதட்டசைவையும் முகத்தையும் பார்த்தே பாதியைப் புரிந்துகொள்கிறார். பலகையை நோக்கித் திரும்பியபடி பேசும் ஒவ்வொரு சொல்லும் அவருக்கு இழப்பு. எழுதி முடித்துத் திரும்பிய பிறகு பேசுங்கள். பின்வரிசையில் ஒருவர் கேட்ட கேள்வியை நீங்கள் ஒருமுறை திருப்பிச் சொன்ன பிறகு விடை கூறுங்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் இத்தகைய மாணவர்களுக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் நடைபெறுகின்றன. அந்த வாய்ப்பு இல்லாத ஊர்களில் அவர்கள் உங்களை நம்பியே உட்கார்ந்திருக்கிறார்கள்.

சக்கர நாற்காலியிலோ ஊன்றுகோலுடனோ வரும் மாணவருக்காக வகுப்பறையைத் தரைத்தளத்துக்கு மாற்றும்படி துறைத் தலைவரிடம் கேட்பதற்கு ஒரு கடிதம் போதும். தோழர்கள் தூக்கிச் செல்வார்கள் என்று விட்டுவிடாதீர்கள். இருபது வயது நிரம்பிய ஒருவரை நாள்தோறும் பிறர் தூக்கிச் செல்வது அவருடைய கண்ணியத்துக்கு ஏற்றதன்று.

வெளியில் தெரியாத குறைபாடுகளில்தான் ஆசிரியரின் நம்பிக்கை அதிகம் தேவைப்படுகிறது. கடுமையான தலசீமியா உள்ள பிள்ளைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். அந்த நாட்களில் வருகைப் பதிவு குறையும். 'நன்றாகத்தானே இருக்கிறாய்?' என்ற கேள்வி அவரைச் சுடும். மருத்துவச் சான்றைப் பெற்றுக்கொண்டு, விடுபட்ட பாடத்தையும் தேர்வையும் வேறொரு நாளில் முடிக்க வழி செய்யுங்கள். அந்தச் சான்றில் உள்ளது அவருடைய அமானிதம். ஆசிரியர் அறையில் பேசும் பொருளாக அதை ஆக்கிவிடாதீர்கள்.

இவற்றை எல்லாம் ஓர் ஆசிரியர் தனியாகச் சுமக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அறுபது எழுபது மாணவர்கள் கொண்ட வகுப்பு, முடிக்க வேண்டிய பாடத்திட்டம், குறைந்த ஊதியத்தில் உழைக்கும் கௌரவ விரிவுரையாளர்களின் நிலைமை ஆகியவற்றை நாம் அறியாமலில்லை. சாய்தளமும், மின்தூக்கியும், எழுத்துதவியாளருக்கான செலவும் நிர்வாகத்தின் பொறுப்பு. ஆனால் முகத்தைத் திருப்பிப் பேசுவதற்கும், சொல்லிக்கொண்டே எழுதுவதற்கும், முதல் வாரத்தில் கேட்டறிவதற்கும் எந்த நிர்வாகத்தின் ஒப்புதலும் தேவையில்லை. நிர்வாகம் செய்ய வேண்டியதை எழுத்தில் கேட்டு வையுங்கள். மாணவர் தனியாகக் கேட்பதைவிட ஆசிரியர் கேட்கும்போது அதற்கு எடை அதிகம்.

ஒரு சொல்லின் காயம்

எகிப்தைச் சேர்ந்த தாஹா ஹுசைன் சிறு வயதிலேயே பார்வையை இழந்தவர். அவருடைய கருத்துகள் பலவற்றில் உலமாக்களுக்கு உடன்பாடில்லை என்பது வேறு விஷயம். அவர் 1914-இல் எகிப்தியப் பல்கலைக்கழகத்திலும், பின்னர் பிரான்சில் இப்னு கல்தூனை ஆய்வு செய்தும் முனைவர் பட்டங்கள் பெற்றார். 1950-இல் தம் நாட்டின் கல்வி அமைச்சரானார். இவ்வளவு உயர்ந்த பிறகும், இளமையில் அல்அஸ்ஹரில் தேர்வுக்குச் சென்றபோது, தேர்வாளர் தம்மைப் பெயர் சொல்லாமல் குருடன் என்று விளித்து அழைத்ததை அவர் மறக்கவில்லை. தன் வரலாற்று நூலில் எழுதி வைத்தார். அந்தத் தேர்வாளர் அடுத்த நிமிடமே அதை மறந்திருப்பார். ஆசிரியரின் ஒரு சொல் மாணவரிடம் எவ்வளவு காலம் வாழ்கிறது பாருங்கள்! நமது மஹல்லா இளைஞரும் கரும்பலகை தெரியாததால் படிப்பை விடவில்லை. 'உனக்கு மட்டும் தனிச் சட்டமா?' என்ற சொல்லால் விட்டார்.

பெற்றோருக்கும் ஜமாஅத்துக்கும்

பேராசிரியர்களிடம் மட்டும் கேட்டுவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. நம்மில் சில பெற்றோர், பிள்ளையின் குறை வெளியே தெரிந்தால் திருமணத்துக்குத் தடையாகும் என்றெண்ணி, சான்றிதழே வாங்காமல் வைத்திருக்கிறார்கள். இது பிள்ளையின் உரிமையைப் பூட்டி வைப்பதாகும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகி, தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். கல்லூரியில் சேரும் நாளிலேயே, தேவை என்ன என்பதை எழுத்தில் கொடுத்து, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

பார்வையற்ற நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களிடம் மதீனாவின் பொறுப்பே ஒப்படைக்கப்பட்ட வரலாற்றை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். கேட்டு மகிழ்வது எளிது. நமது பள்ளிவாசலின் ஒளூச் செய்யும் இடத்துக்கு இறங்க மூன்று படிகள் உண்டு, கைப்பிடி கிடையாது. முதலில் அதைச் சரிசெய்ய நிர்வாகம் இசைந்துள்ளது. கல்லூரியில் படிக்கும் நமது பிள்ளைகளில் விருப்பமுள்ளவர்கள், பாட நூல்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து தரவும், விதிகள் இடமளிக்கும் தேர்வுகளில் எழுத்துதவியாளராகச் செல்லவும் கல்விக் குழுவிடம் பெயர் கொடுக்கலாம். எந்தச் சமுதாயத்துப் பிள்ளையாக இருந்தாலும் இந்த உதவி அவருக்கும் உண்டு.

இந்த உரைக்கு ஆயத்தமாகும்போது அந்த இளைஞரை அவர் இருக்கும் கடையிலேயே சென்று சந்தித்தோம். அன்று பொறுமையை மட்டும் சொல்லி அனுப்பியதற்காக வருத்தம் தெரிவித்தோம். மீண்டும் சேர விரும்பினால் உடன் வருகிறோம் என்றும் சொன்னோம். 'யோசித்துச் சொல்கிறேன், ஹஜ்ரத்' என்றார். வயது வரம்பில் தளர்வு உண்டு என்பதையும் சொல்லி வந்திருக்கிறோம். அவர் மீண்டும் ஒரு வகுப்பறையில் நுழைந்தால், அது உங்களில் ஒருவருடைய வகுப்பறையாக இருக்கலாம். முதல் வாரத்தில் அவரைத் தனியாக அழைத்து, 'உனக்கு என்ன தேவை?' என்று கேளுங்கள். மற்றதை அவரே சொல்வார்.

 வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகள் அனைவருக்கும் பயனுள்ள கல்வியைத் தருவானாக, ஆமீன். வஸ்ஸலாம்.